மேலவையில் ஆறு ஆண்டுகள்

2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். நான் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். தாத்தாவின் கண்களில் புரை விழுந்திருந்ததால், பள்ளி விட்டு வந்ததும் அவருக்கு நாளிதழை வாசித்துக் காட்டுவது என் பொறுப்பு. ஒருநாள் பெரிய படத்தோடு ஒரு செய்தி வந்திருந்தது. செனட்டர் எஸ்.ஏ. விக்னேஸ்வரன் நாடாளுமன்ற மேலவையின் தலைவராகிவிட்டார் என்பதே அந்தச் செய்தி. நான் நிறுத்தி நிறுத்தி வாசித்து முடித்தேன்.

"ஏம்மா, இந்த செனட்டருக்கு நாம எப்போ ஓட்டு போட்டோம்?" என்று கேட்டார் தாத்தா.

துன் சம்பந்தன் காலத்திலிருந்து ஒரு தேர்தலையும் விடாமல் வாக்களித்தவர் அவர். பால்மரம் வெட்டும் வேலையை முடித்துவிட்டு, குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு வாக்களிக்கப் போன கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அவருக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்? "பெரிய பதவி தாத்தா" என்று மட்டும் சொன்னேன். "பதவின்னா பெருசாத்தான் இருக்கும்" என்று அவர் சிரித்துவிட்டார்.

பின்னர் இடைநிலைப்பள்ளியில் 'டேவான் நெகாரா' என்ற பெயரை மலாய் மொழியில் மனனம் செய்தேன். உறுப்பினர் 70 பேர் என்று எழுதினால் புள்ளி கிடைத்தது. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை, நானும் தேடவில்லை. தாத்தாவின் கேள்விக்கு அந்த எழுபதில் விடை இல்லை என்பது பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் உறைத்தது. அந்த விடையைத் தேடிய முயற்சியே இக்கட்டுரை. அன்று நாளிதழில் வாசித்த அதே மனிதரின் மேலவைப் பயணத்தை வழித்துணையாக வைத்துக்கொண்டு இதனை விளக்க முயல்கிறேன்.

எழுபது பேர் எங்கிருந்து வருகிறார்கள்?

நமது நாடாளுமன்றம் மாமன்னர், மேலவை, மக்களவை ஆகிய மூன்றும் சேர்ந்தது. மக்களவைக்கு நாம் நேரடியாக வாக்களிக்கிறோம். மேலவைக்கு நம் கையில் வாக்குச்சீட்டு தரப்படுவதில்லை. அங்குள்ள 70 இடங்களில் 26 இடங்களுக்கு மாநிலச் சட்டமன்றங்கள் ஆளைத் தேர்ந்தெடுக்கின்றன. 13 மாநிலங்கள், மாநிலத்திற்கு இருவர். மீதமுள்ள 44 பேரை மாமன்னர் நியமிக்கிறார். அவர்களுள் இருவர் கோலாலம்பூருக்கும், லாபுவானுக்கும் புத்ராஜெயாவுக்கும் ஒவ்வொருவரும் உரியவர்கள். எஞ்சிய 40 பேர் எந்த இடத்தையும் சாராத நியமன உறுப்பினர்கள். மாமன்னர் நியமிக்கிறார் என்றாலும், அரசாங்கத்தின் ஆலோசனைப்படியே நியமிக்கிறார். ஆகவே, நடைமுறையில் பட்டியல் பிரதமரிடமிருந்து வருகிறது.

இந்தக் கணக்கு எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1959 செப்டம்பர் 11ஆம் நாள் மேலவை முதன்முதலாகக் கூடியபோது அதில் இருந்த இடங்கள் 38. அவற்றுள் 22 மாநிலங்களுக்குரியவை, 16 நியமன இடங்கள். அதாவது, மாநிலங்களின் குரல் ஓங்கி ஒலிக்க வேண்டிய சபையாகவே அது தொடங்கியது. அடுத்தடுத்து வந்த சட்டத் திருத்தங்களால் நியமன இடங்கள் பெருகி, இன்று மாநிலங்களின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. தராசின் தட்டு தலைகீழாக மாறிவிட்டது எனலாம்.

செனட்டரின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகள். ஒருவர் அதிகபட்சம் இரண்டு தவணைகள் மட்டுமே இருக்க முடியும். தொடர்ச்சியாக இருந்தாலும் சரி, இடைவெளி விட்டு இருந்தாலும் சரி, இரண்டோடு முடிந்தது. வயது குறைந்தது 30 இருக்க வேண்டும். இன்னொரு விதியையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பொதுத்தேர்தலுக்காக மக்களவை கலைக்கப்படும்போது மேலவை உறுப்பினர்களின் பதவி கலைவதில்லை. அவரவர் மூன்று ஆண்டு முடியும்வரை அவரவர் இருக்கையில் இருப்பார்கள். இந்தச் சிறிய விதி 2018இல் எத்தனை பெரிய வேலை செய்தது என்பதைப் பின்னர் காண்போம்.

பின்வாசலா, காத்திருப்பு அறையா?

மேலவையைப் 'பின்வாசல்' என்று பலரும் சொல்வதுண்டு. அதற்குக் காரணம் இருக்கிறது. அமைச்சராக ஒருவர் நாடாளுமன்றத்தின் ஏதாவது ஓர் அவையில் உறுப்பினராக இருந்தால் போதும். பிரதமர் மட்டுமே மக்களவை உறுப்பினராக இருந்தாக வேண்டும். எனவே, தேர்தலில் தோற்றவரையோ, தேர்தலில் நிற்காதவரையோ அமைச்சரவைக்குள் கொண்டுவர வேண்டுமானால் செனட்டர் பதவி அதற்கு வழிவிடுகிறது.

நம் சமுதாயத் தலைவர்களின் வரலாற்றிலேயே இதற்குச் சான்றுகள் உண்டு. ம.இ.கா.வின் ஜி. பழனிவேல் 2008 தேர்தலில் உலு சிலாங்கூர் தொகுதியை 198 வாக்குகளில் இழந்தார். 2010இல் செனட்டராகித் துணையமைச்சரானார். 2011இல் அமைச்சரானார். 2013இல் கேமரன் மலையில் வென்று மக்களவைக்குத் திரும்பினார். ஹிண்ட்ராப் இயக்கத்தின் பி. வேதமூர்த்தி 2013இல் தேசிய முன்னணி ஆட்சியில் செனட்டராகவும் துணையமைச்சராகவும் பதவியேற்று, 2014 பிப்ரவரியில் விலகினார். 2018இல் நம்பிக்கைக் கூட்டணி ஆட்சியில் மீண்டும் செனட்டராகி அமைச்சரானார். இந்தியர்களுக்கு மட்டும் உரிய வழியன்று இது. 2020இல் நிதியமைச்சராக வந்த தெங்கு ஸஃப்ருலும் இதே வழியாகவே வந்தார்.

ஆகவே மேலவை சிலருக்குப் பின்வாசல், சிலருக்குக் காத்திருப்பு அறை. பேருந்து வரும்வரை அமர்ந்திருந்து, வந்ததும் ஏறிச் செல்லும் இடம். ஆனால் எல்லாருக்கும் பேருந்து வருவதில்லை. ஆறாம் ஆண்டு முடிந்ததும் அறையின் கதவு மூடப்பட்டுவிடும்.

கோத்தா ராஜாவிலிருந்து மேலவைக்கு

விக்னேஸ்வரனின் பயணத்தை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். 2004 பொதுத்தேர்தலில் சிலாங்கூரின் கோத்தா ராஜா தொகுதியில் வென்று அவர் மக்களவைக்குச் சென்றார். ம.இ.கா. இளைஞர் பிரிவுக்கும் தலைமை தாங்கினார். 2008இல் வீசிய அரசியல் அலையில் அத்தொகுதியைப் பாஸ் கட்சியின் டாக்டர் சித்தி மரியா மாமுட்டிடம் இழந்தார். அந்த ஆண்டில்தான் எங்கள் சுங்கை சிப்புட்டில் 1974 முதல் உறுப்பினராக இருந்த டத்தோஸ்ரீ ச. சாமிவேலுவும் டாக்டர் ஜெயகுமார் தேவராஜிடம் தோற்றார்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2014 ஜூனில் விக்னேஸ்வரன் செனட்டராகப் பதவியேற்றார். இரண்டு ஆண்டுகளுக்குள், 2016 ஏப்ரலில், மேலவைத் தலைவரானார். இந்தியர் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது அது இரண்டாவது முறை. முதலாமவர் 1992 முதல் 1995 வரை அப்பொறுப்பில் இருந்த தான்ஸ்ரீ ஜி. வடிவேலு. அன்று நான் வாசித்த நாளிதழ் செய்தியின் கனம் இதுதான் என்று இப்போது புரிகிறது.

மேலவைத் தலைவர் என்ன செய்வார்? கூட்டத்தை நடத்துவார். யார் பேசலாம், எது விதிமீறல், எப்போது வாக்கெடுப்பு என்று தீர்மானிப்பார். அவர் சாதாரணமாக வாக்களிப்பதில்லை. இரு தரப்பும் சமமாக நின்றால் மட்டுமே முடிவைத் தீர்க்கும் வாக்கு அவருடையது. பந்து விளையாட்டில் நடுவர் எப்படியோ, அப்படித்தான் இவரும்.

இந்த நடுவர் 2018 ஜூலையில் ம.இ.கா.வின் தேசியத் தலைவரும் ஆனார். மே மாதம் நடந்த தேர்தலில் தேசிய முன்னணி ஆட்சியை இழந்திருந்தது. அதுவரை கட்சித் தலைவராக இருந்த டாக்டர் எஸ். சுப்ரமணியம் சிகாமட் தொகுதியில் தோற்றிருந்தார். ஆக, எதிர்க்கட்சியாகிவிட்ட ஒரு கட்சியின் தலைவரே நாடாளுமன்றத்தின் ஓர் அவைக்குத் தலைமை தாங்கும் நிலை உருவானது.   அவைத் தலைவர் கட்சிப் பொறுப்பைத் துறக்க வேண்டுமா என்பது நாம் யோசிக்க வேண்டிய கேள்வி.

'வேண்டாம்' என்று சொன்ன நாள்

இப்போது நினைவில் வைக்கச் சொன்ன விதிக்கு வருவோம். 2018 மே 9ஆம் நாள் மக்கள் மக்களவையை ஒரே இரவில் மாற்றினார்கள். மேலவை மாறவில்லை. அங்கு அமர்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் முந்தைய ஆட்சியில் வந்தவர்கள்.

தேர்தலுக்குச் சற்று முன்பு, ஏப்ரல் 2ஆம் நாள், பொய்ச் செய்தி எதிர்ப்பு மசோதாவை மக்களவை நிறைவேற்றியது. மறுநாளே மேலவையும் ஒப்புதல் அளித்தது. குற்றம் நிரூபிக்கப்பட்டால் ஆறு ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம். எது பொய்ச் செய்தி என்பதை அரசாங்கமே தன் வசதிக்கேற்ப வளைத்துக்கொள்ளும் என்று பலர் அஞ்சினர். புதிய அரசாங்கம் அச்சட்டத்தை நீக்கும் மசோதாவை ஆகஸ்டு 16இல் மக்களவையில் நிறைவேற்றி மேலவைக்கு அனுப்பியது.

செப்டம்பர் 12ஆம் நாள் மேலவையில் வாக்கெடுப்பு. நீக்க வேண்டும் என்று 21 பேர், வேண்டாம் என்று 28 பேர், நடுநிலை 3 பேர். மசோதா தோற்றது. மக்களவை நிறைவேற்றிய ஒரு மசோதாவை மேலவை நிராகரித்தது நாட்டின் வரலாற்றில் இதுவே முதல் முறை என்று அன்றைய ஊடகங்கள் எழுதின. ஏறத்தாழ 60 ஆண்டுகளாக 'ரப்பர் முத்திரை' என்று அழைக்கப்பட்ட சபை முதன்முதலாக மறுத்துப் பேசியது.

இதை எப்படி மதிப்பிடுவது? நான் இருபுறமும் நின்று பார்த்தேன். அவசரத்தில் எழும் பெரும்பான்மைக்குக் கடிவாளமாக இருப்பதே மேலவையின் கடமை என்றால், அது தன் கடமையைச் செய்தது. ஆனால் ஏப்ரலில் அதே சட்டம் தேர்தல் அவசரத்தில் வந்தபோது ஒரே நாளில் வழிவிட்ட சபையும் இதுதான். அன்று இழுக்காத கடிவாளத்தை, மக்கள் தேர்ந்தெடுத்த புதிய அவையின் கழுத்தில் மட்டும் இழுத்தால், அதன் பெயர் கடிவாளமா, கட்சி விசுவாசமா? இந்தக் கேள்வியை விட்டுவிட்டு மேலவையின் துணிவை மட்டும் பாராட்ட என்னால் இயலவில்லை.

ஆயினும், மேலவையின் மறுப்பு முடிவான மறுப்பன்று. நமது அரசமைப்பு அதற்கு ஓர் எல்லை வகுத்துள்ளது. பண மசோதாவை ஒரு மாதமும், மற்ற மசோதாக்களை ஓராண்டும் மட்டுமே மேலவையால் தாமதப்படுத்த முடியும். ஓராண்டு கழித்து மக்களவை அதே மசோதாவை மீண்டும் நிறைவேற்றினால், மேலவையின் இசைவு இல்லாமலேயே அது மாமன்னரிடம் செல்லலாம். 2019 அக்டோபரில் மக்களவை மீண்டும் நிறைவேற்றியது. இதற்கிடையில் பலரின் மூன்றாண்டு முடிந்து, புதியவர்கள் வந்திருந்தனர். அந்த ஆண்டு டிசம்பரில் மேலவையும் ஏற்றுக்கொண்டது. வாக்குச்சீட்டு ஒரே நாளில் செய்ததை மேலவையில் காலம்தான் மெதுவாகச் செய்து முடித்தது.

'ஆம்' என்று சொன்ன நாள்

ஒரே ஒரு வகை மசோதாவுக்கு இந்த ஓராண்டுக் கணக்கு பொருந்தாது. அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தும் மசோதா என்றால், பொதுவாக இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் ஆதரவு தேவை. அங்கே மேலவை மறுத்தால் மறுத்ததுதான்.

2019 ஜூலை 16ஆம் நாள் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைக்கும் திருத்தத்தை மக்களவை எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. வாக்காளர் பதிவு தானாக நடைபெறும் என்பதும், 18 வயதில் வேட்பாளராகலாம் என்பதும் அதில் அடங்கும். அதே மாதத்தில் மேலவையும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவைத் தந்தது. பத்து மாதங்களுக்கு முன் 'வேண்டாம்' என்று சொன்ன அதே சபை, அதே தலைவரின் காலத்தில், இம்முறை 'ஆம்' என்று சொன்னது. திருத்தம் 2021 டிசம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது.

நான் 2004இல் பிறந்தவள். 2022 நவம்பர் 19ஆம் நாள் நடந்த பொதுத்தேர்தலில், 18 வயதில், தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். பழைய சட்டமே இருந்திருந்தால் அன்று தாத்தாவை உள்ளே அனுப்பிவிட்டு நான் வெளியில் காத்திருந்திருப்பேன். யாரும் வாக்களிக்காமல் அமர்ந்தவர்களின் கைகளும் உயர்ந்ததால்தான் எனக்கு வாக்கு கிடைத்தது. மேலவை தேவையே இல்லை என்று யாராவது எளிதாகச் சொல்லும்போது எனக்கு அந்த வரிசைதான் நினைவுக்கு வருகிறது.

அந்த வாக்குச்சீட்டில் விக்னேஸ்வரனின் பெயரும் இருந்தது. 2020 ஜூனில் இரண்டு தவணைகளும் முடிந்து அவர் மேலவையிலிருந்து விடைபெற்றிருந்தார். ஆறு ஆண்டு முடிந்தவருக்கு நாடாளுமன்றத்திற்குள் நுழைய எஞ்சியிருப்பது மக்களின் வாசல் ஒன்றே. அதனைத் தட்ட அவர் தேர்ந்தெடுத்த இடம் எங்கள் சுங்கை சிப்புட். துன் சம்பந்தனும் சாமிவேலுவும் நின்ற தொகுதி. 2018இல் வென்ற எஸ். கேசவன் அத்தொகுதியைத் தக்கவைத்துக்கொண்டார். விக்னேஸ்வரன் தோற்றார். நான் யாருக்கு வாக்களித்தேன் என்பது எனக்கும் அந்தப் பெட்டிக்கும் மட்டுமே தெரியும். ஆனால் ஒன்று சொல்வேன். 2016இல் தாத்தா கேட்ட கேள்வி, ஒரு சுற்றுச் சுற்றி, எங்கள் ஊர் வாக்குச்சாவடிக்கே வந்து சேர்ந்தது.

சட்டம் சொல்லும் தகுதி

அரசமைப்பின் 45ஆவது விதி, யாரை நியமிக்கலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. பொதுச்சேவையில் சிறந்தவர்கள், தொழில், வாணிபம், விவசாயம், பண்பாடு, சமூகநலம் ஆகிய துறைகளில் தனித்து விளங்கியவர்கள், சிறுபான்மை இனங்களைப் பிரதிநிதிப்பவர்கள், பூர்வகுடியினரின் நலன் காக்க வல்லவர்கள் என்பதே அந்தப் பட்டியல். கட்சி உறுப்பினர் அட்டை அதில் இல்லை.

சிறுபான்மையினராகிய நாம் இந்த விதியைச் சற்று நின்று வாசிக்க வேண்டும். மக்களவையில் தனி ஒரு தொகுதியையும் நம் எண்ணிக்கையால் மட்டும் வெல்ல முடியாத சமூகம் நாம். அத்தகைய சமூகத்தின் குரலும் சட்டம் இயற்றும் இடத்தில் கேட்க வேண்டும் என்பதற்காகவே இப்படியொரு சாளரம் திறந்து வைக்கப்பட்டுள்ளது. அதன் வழியே ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியரோ, தோட்டத் தொழிற்சங்கவாதியோ, மருத்துவரோ, எழுத்தாளரோ உள்ளே செல்ல முடியும். தேர்தலில் நிற்கப் பணபலமும் கட்சிபலமும் இல்லாதவர்களுக்கு அது உண்மையான வாய்ப்பு. அந்தச் சாளரத்தைக் கட்சிகள் தங்கள் உள்கணக்குகளைச் சரிசெய்யும் இடமாகப் பயன்படுத்தினால் இழப்பு நமக்குத்தான். ஏனெனில் பெரும்பான்மையினருக்கு வேறு வாசல்கள் உண்டு.

அதே 45ஆவது விதியில் இன்னொரு செய்தியும் உள்ளது. மாநிலத்திற்கு மூன்று உறுப்பினர்கள் என்று உயர்த்தவும், மேலவையினரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கச் செய்யவும், நியமன இடங்களைக் குறைக்கவும் அல்லது அடியோடு நீக்கவும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று அது அனுமதிக்கிறது. நாட்டின் அரசமைப்பை எழுதியவர்கள் அந்தக் கதவைத் தாழிடாமல் சாத்தி மட்டுமே வைத்திருக்கிறார்கள்.

நியமனத்தை முற்றாக ஒழிப்பதே நல்லது என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. நேரடித் தேர்தல் வந்தால் மக்களவையின் நகலாக இன்னொரு சபை உருவாகும். அங்கும் எண்ணிக்கையே பேசும். சிறுபான்மையினருக்கான சாளரம் மூடிவிடும். யாரை, எந்தத் தகுதிக்காக நியமிக்கிறார்கள் என்பதை நியமிப்பவர்கள் வெளிப்படையாகச் சொன்னாலே பாதிக் குறை தீரும் என்பது என் எண்ணம்.

தாத்தாவுக்கு ஒரு விடை

சென்ற விடுமுறையில் இவற்றையெல்லாம் தாத்தாவிடம் சொன்னேன். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இப்போது அவரே நாளிதழ் வாசிக்கிறார். "நாம அவருக்கு ஓட்டு போடல தாத்தா. ஆனா அவரை அனுப்புறவங்களுக்கு நாமதான் ஓட்டு போட்டோம். சட்டமன்றத்துக்குப் போட்டது ரெண்டு பேரை அனுப்புது. நாடாளுமன்றத்துக்குப் போட்டது பிரதமரை உண்டாக்குது. அவரு மத்தவங்கள அனுப்புறாரு" என்றேன்.

அவர் நாளிதழை மடித்து வைத்தார். "அப்போ அனுப்புறவனத்தானே கேக்கணும்? இத்தன வருசமா ரோடு கேட்டோம், கோயிலுக்கு நெலம் கேட்டோம், பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கேட்டோம். இத ஒருத்தனும் கேக்கலையே" என்றார்.

வாசகர்களே, நம்மில் பெரும்பாலோருக்கு இன்னும் 30 வயதாகவில்லை. 18 வயதில் மக்களவைக்குப் போட்டியிடலாம், ஆனால் 22 வயதான நான் செனட்டராக இன்னும் எட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். கேள்வி கேட்பதற்கு அந்த வயது வரம்பு இல்லை. அடுத்த தேர்தலில் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் சாலை, சாக்கடை பற்றிக் கேளுங்கள். அதோடு இதையும் கேளுங்கள்: "நீங்கள் வென்றால் மேலவைக்கு யாரை அனுப்புவீர்கள்? ஏன்?" சென்றவர்கள் அங்கே என்ன பேசினார்கள் என்பதை ஹன்சார்ட் எனப்படும் நாடாளுமன்ற அறிக்கையில் வாசியுங்கள். அது எல்லாருக்கும் திறந்திருக்கும் ஏடு. வாழ்த்து விளம்பரங்களைவிட அதில் நமக்குத் தெரிந்துகொள்ள வேண்டியவை அதிகம்.